கேரியர்

“நீங்கதான் கேரியர்” என்று டாக்டர் சொன்னதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். 2014 டிசம்பர் மாதம், பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனை. டாக்டருக்குத் தமிழ் அரைகுறையாக வந்தது. எங்களுக்குக் கன்னடம் சுத்தமாக வராது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால், பேசுவதற்கும் புரியவைப்பதற்கும் என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை நான் புரியவைக்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவளே கேட்டாள்: “கேரியர்னா என்னடி? சோத்துக் கேரியரா?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிப் பட்டறையில் இருக்கும் மாமாவுக்குத் தினமும் மத்தியானம் மூன்றடுக்குக் கேரியரில் சோறு கொண்டுபோகிறவள் அவள். கேரியர் என்றால் அவளுக்கு அதுதான். இல்லாவிட்டால் சைக்கிளின் பின்னால் இருப்பது. இரண்டுமே சுமப்பதற்கு. அந்த அளவில் டாக்டர் சொன்னதை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

அக்கா என் பெரியம்மா மகள். அவள் கட்டியிருப்பது எங்கள் இருவருக்கும் தாய்மாமனை. அம்மாயிக்கு நாங்கள் இரண்டு பேரும் பேத்திகள், அதில் ஒருத்தி மருமகளும் ஆனாள். அன்றைக்கு அக்கா முடியாது என்று சொல்லியிருந்தால் அடுத்து என்னைத்தான் கேட்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. நான் சேலத்துக்குப் படிக்கப் போனேன். இதை ஒரு தியாகக் கதையாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் அது அவ்வப்போது தொண்டையில் வந்து நிற்கும்.

பையனுக்கு அப்போது எட்டு வயது. ஒரு வருடமாகவே ஏதோ சரியில்லை. கோடு போட்ட நோட்டில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. கூப்பிட்டால் திரும்ப நேரமானது. கவனமில்லை, அதிகச் செல்லம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதற்கும் முன்பே அவன் கறுத்துக்கொண்டு வந்தான். கை மடிப்பு, முட்டி, ஈறு எல்லாம் கறுத்தன. வெயிலில் திரிகிறான் என்று அம்மாயி கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டினாள். அட்ரினல் சுரப்பி வேலை செய்யாமல் போனால் தோல் அப்படிக் கறுக்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் கறுப்புதான் முதலில் வந்த கடிதம். நாங்கள் அதை மாவு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பின்பக்கம் இரண்டு சிறகு விரித்தது போல வெள்ளையாகத் தெரிந்தது. நோயின் பெயர் அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி. மூளையின் வெண்பொருளை அழிக்கும் பரம்பரை நோய்களைச் சேர்த்து லூக்கோடிஸ்ட்ரோபி என்கிறார்கள். அதில் இது ஒன்று. நரம்பிழைகள் பலவற்றின் மேலும் மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கும். உறை போனால் செய்தி ஓடாது, கொஞ்ச நாளில் இழையும் போய்விடும். நெசவுக்காரக் குடும்பத்துக்கு இதைச் சொல்வது சுலபம். பாவுக்குக் கஞ்சி சரியாக ஏறாவிட்டால் நூல் பிசிறடித்துத் தறியில் அறுந்து அறுந்து விழும். அக்காவுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். “அப்ப திரும்பக் கஞ்சி போட முடியாதா?” என்று கேட்டாள்.

முடியும், காலத்தோடு வந்திருந்தால். மூளையில் லேசாக ஆரம்பிக்கும்போதே எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் நோயை அங்கேயே நிறுத்த வாய்ப்புண்டு. இந்தியாவில் அந்த மாற்று சிகிச்சை புதிதல்ல, வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்தே நடக்கிறது. ஆனால் கண்ணும் காதும் நடையும் பாதிக்கப்பட்ட பிறகு செய்தால் நோய் இன்னும் வேகமெடுக்கும் என்று டாக்டர் சொன்னார். ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தோல் கொஞ்சம் வெளுத்தது. மற்றது எதுவும் நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பேச்சு ஆரம்பமானது. சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று படித்தவர்கள் சொன்னார்கள். அவள் வயிறு சரியில்லை, கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தானே உண்டானாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு பேச்சும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று மாமாவிடம் சொன்னது வேறு யாருமல்ல, அம்மாயி. தான் தூக்கி வளர்த்த பேத்தியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மாமா கட்டவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. இரண்டு மாதம் பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். சோறு மட்டும் தினமும் கேரியரில் போனது.

சொந்தத்தில் கட்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்தில் அது இன்றும் சாதாரணம் என்பதால். வெண்பொருள் நோய்களில் பலவற்றுக்கு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர வேண்டும். அவற்றில் இரத்த உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் சொந்தத்தை விலக்கினால் மட்டும் தீர்ந்துவிடாது. வடக்கே அகர்வால் சமூகத்தில் கோத்திரம் விட்டுத்தான் கட்டுவார்கள். இருந்தும் அங்கே குழந்தைகளுக்குத் தலை பெருத்து வெண்பொருள் வீங்கும் ஒரு நோய் பல குடும்பங்களில் வருவதை மும்பை நரம்பியல் மருத்துவர் பீம் சிங்கால் 1990களில் எழுதினார். நெதர்லாந்தில் மார்யோ வான் டெர் நாப் 1995இல் விவரித்த நோயும் அதுவே. எப்போதோ ஒரு மூதாதையிடம் ஏற்பட்ட ஒரே மரபணுப் பழுது, சாதிக்குள்ளேயே கட்டிக் கட்டி அத்தனை வீடுகளுக்கும் வந்திருக்கிறது. நம் ஊரில் சொந்தத்தைக் குறை சொல்லும் வாய்கள் சாதியைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவின் வீட்டில் நடந்ததற்கோ இரண்டும் காரணமில்லை. அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1993இல் பிரான்சில் அதைக் கண்டுபிடித்தார்கள். மிக நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களைச் செல்லுக்குள் பெராக்ஸிசோம் என்ற சிறு அறைக்குள் அனுப்பி உடைக்க வேண்டும். அந்த அறையின் வாசலில் நிற்கும் புரதத்தைச் செய்வது இந்த மரபணு. அது பழுதானால் கொழுப்பு உடையாமல் தேங்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. கட்டிக்கொண்டது தாய்மாமனாக இருந்தாலும், அமெரிக்காக்காரனாக இருந்தாலும் அந்தப் பையனுக்கு இதே வாய்ப்புதான்.

“அப்ப என்கிட்டருந்துதானே வந்தது” என்றாள் அக்கா. எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றாள்.

உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்டேன். மூன்று மாதம் கழித்துப் பெரியம்மாவையும் கூட்டிப்போய் இரத்தம் கொடுத்தோம். பெரியம்மாவிடம் அந்தப் பழுது இல்லை. டாக்டர் கேட்டார்: “அப்பா எப்படி இருந்தார்?”

பெரியப்பா குழித்தறி நெசவாளி. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து கோல் ஊன்றித்தான் நடப்பார். முப்பத்தைந்து வயதில் கால் விறைக்க ஆரம்பித்து, நாற்பதில் தறிக்குழியில் இறங்க முடியாமல் போனது. குழியின் ஈரம் காலில் ஏறிவிட்டது என்றார்கள். வாதம் என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். பையன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். இதே மரபணுப் பழுது சில ஆண்களுக்குக் குழந்தையாக இருக்கும்போது மூளையை எரிக்கும். சிலருக்கு மூளையை விட்டுவிட்டு, வயது வந்த பிறகு தண்டுவடத்தை மெல்ல மெல்லத் தின்னும். பெரியப்பாவின் இரத்தத்தைச் சோதிக்க இனி வழியில்லை. ஆனால் அவர் கால்களின் கதையைக் கேட்ட டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்த மரபணு உள்ள அப்பாவிடமிருந்து மகன்களுக்கு அது போகவே போகாது. மகள்களுக்குக் கட்டாயம் போகும், ஒருத்தி தப்ப முடியாது. பெரியப்பாவுக்கு இரண்டு மகன், ஒரு மகள். அந்த ஒரு மகள் அக்கா. இத்தனை பக்கம் மருத்துவக் காகிதத்தில் பெரியப்பாவை யாரும் கேரியர் என்று எழுதவில்லை. அவர் நோயாளி. அம்மா கொடுத்தால் கேரியர், அப்பா கொடுத்தால் நோயாளி. பழியைப் பெரியப்பா தலையில் இறக்கி வைக்க நான் இதை எழுதவில்லை. குழியில் கால் வைக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்து நூல் புரி எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அவர். பழி இறங்க ஓர் இடம் தேவைப்படும்போது அது பெண்ணின் மடியையே தேடிப் போவதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் எங்கிருந்தோ ஒரு துண்டறிக்கை வந்தது. ஸ்டெம் செல் சிகிச்சை, மூளை வளர்ச்சிக் குறைபாடுகள் குணமாகும், ஐந்து லட்சம். மாமா அப்போது வீட்டுக்குத் திரும்பியிருந்தார். நான்கு தறியில் இரண்டை விற்றார். அக்கா நகையைக் கழற்றிக் கொடுத்தாள். இடுப்பெலும்பிலிருந்து எதையோ எடுத்து முதுகுத்தண்டில் ஏற்றினார்கள். பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல், வேறொன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரிவதற்குள் பணம் போய்விட்டது. இரத்த நோய்களுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சில நிலைகளுக்கும் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர, வேறு எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இடத்தின் பலகை இப்போதும் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டார்கள்.

அதனால் 2016இல் பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி போன் செய்து “ஸ்டெம் செல்” என்று தொடங்கியதும் நான் கத்திவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். திருச்சிப் பக்கத்துப் பெண். பிறகு சொன்னாள்: “மேடம், நாங்க எதையும் உள்ள போட மாட்டோம். கொஞ்சமா எடுத்துக்கிறோம். பையனுக்கு இதனால ஒரு நன்மையும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுறேன்.” நன்மை கிடையாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அதனாலேயே நம்பினேன்.

அவர்கள் கேட்டது கையிலிருந்து மிளகளவு தோல். ஜப்பானில் கியோட்டோவில் ஷின்யா யாமனாகா 2006இல் எலியின் செல்களிலும், 2007இல் மனிதச் செல்களிலும் செய்து காட்டிய வேலை அது. முதிர்ந்த தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால், அது தான் தோல் என்பதை மறந்து, எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய பழைய நிலைக்குத் திரும்புகிறது. 2012இல் ஜான் குர்டனோடு அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று. தென்னையில் ஓலை எத்தனை பழுத்து விழுந்தாலும் குருத்து இருக்கும்வரை மரம் இருக்கும். இங்கே நடப்பது அதைவிட விசித்திரம், பழுத்த ஓலையைத் திரும்பக் குருத்தாக்குகிறார்கள். பிறகு அந்தக் குருத்துக்கு வெவ்வேறு ஊட்டக் கரைசலை நாள் கணக்குப் பார்த்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் நரம்புச் செல்லாகும். மயலின் செய்யும் ஒலிகோடெண்ட்ரோசைட் ஆவதற்கு இரண்டு மூன்று மாதம்கூடப் பிடிக்கும்.

ஏன் இந்தச் சுற்று வழி என்று கேட்டேன். உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. எலியிடம் இதே மரபணுவை அழித்துப் பார்த்தார்கள். எலிக்கு வயதான பிறகு தண்டுவடம் கொஞ்சம் கெட்டதே தவிர, மூளை எரியவில்லை. குழந்தைகளைக் கொல்லும் அந்த வடிவம் எலிக்கு வரவே இல்லை. ஆகவே நோய் உள்ளவரின் செல்லிலிருந்தே மூளைச் செல்லை உண்டாக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் பார்ப்பதுதான் வழி. இந்த நோயில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பழுது இருக்கும் அண்ணன் தம்பியில் ஒருவன் எட்டு வயதில் படுக்கிறான், இன்னொருவன் நாற்பதில் கோல் ஊன்றுகிறான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களில்கூட அப்படி நடந்திருக்கிறது. பெரியப்பாவுக்கும் பேரனுக்கும் நடுவே என்ன மாறியது என்பதுதான் கேள்வி. 2011இல் கொரியாவில் ஒரு குழு இரண்டு வகை நோயாளிகளின் தோலிலிருந்தும் ஒலிகோடெண்ட்ரோசைட்களை உண்டாக்கியது. மூளை பாதித்தவர்களிடமிருந்து வந்த செல்லில்தான் அந்தக் கொழுப்பு அதிகம் தேங்கியது. 2018இல் இன்னொரு ஆய்வில், நோயுள்ள சிறுவர்களின் செல்லிலிருந்து மூளை இரத்தக் குழாயின் உட்சுவரை உண்டாக்கிப் பார்த்தார்கள். அது ஒழுகியது. இரத்தத்தில் ஓட வேண்டியவை மூளைக்குள் நுழைய அங்கே வழி இருக்கிறது. விடை இன்னும் முழுதாக வரவில்லை. கிண்ணத்துக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, காய்ச்சல் இல்லை, வளரும் பையன் இல்லை. அந்த மாணவியே சொன்னாள், இது மூளை இல்லை மேடம், மூளையோட ஒரு ஓரம்.

சம்மதப் படிவம் தமிழில் இருந்தது. தமிழில் கொடுத்ததே பெரிது என்று வாசிக்கத் தொடங்கியவள் இரண்டாம் பக்கத்தில் நின்றேன். “நோய்க் கடத்தியான தாய்” என்றிருந்தது. நம் பாடப் புத்தகத்தில் கொசுவைச் சொல்லும் சொல். கடத்துகிறவன் என்றால் தெருவில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பையனுக்கான கையெழுத்து அப்பா பெயருக்கு நேராகக் கேட்கப்பட்டிருந்தது. நோய் கொண்டுவந்தவள் தாய், உரிமை தகப்பனுக்கு. மாணவி உண்மையாகவே சங்கடப்பட்டாள். “வேற என்ன போடலாம் மேடம், சொல்லுங்க” என்றாள்.

ஒரு வாரம் யோசித்தேன். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவள், கவிதைத் தொகுப்பு போட்டவள், ஒரு சொல் கிடைக்கவில்லை. தாங்கி என்று எழுதிப் பார்த்தேன், சுமைதாங்கிக் கல் வந்து நின்றது. மரபுவழியாள் என்று எழுதினேன், வாயில் ஒட்டவில்லை. கடைசியில் “இந்த மரபணு மாற்றம் உள்ள பெண்” என்று நீளமாக எழுதிக் கொடுத்தேன். தாய் என்ற சொல்லையும் எடுத்துவிடச் சொன்னேன், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இருக்கட்டும் என்று. ஆங்கிலத்திலும் இப்போது கேரியர் என்பதை விட்டுவிட்டு இந்த நோயுள்ள பெண்கள் என்று எழுதுகிறவர்கள் கூடி வருகிறார்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டார்கள். அக்கா ஆறாம் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை நிதானமாகப் போட்டாள்.

போடுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டாள். “இவன் இல்லாமப் போனாலும் அது உசுரோட இருக்குமா கண்ணு?” மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இருக்கும்க்கா, உறைய வைத்துவிட்டால் பல வருடம் இருக்கும், எடுத்து வளர்த்தால் வளரும் என்றாள். அக்கா கையை நீட்டி, “அப்ப என்னோடதையும் எடுத்துக்கங்க” என்றாள். எப்படியும் கேட்கத்தான் இருந்தார்கள். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

பையன் 2017 ஐப்பசியில் போனான். கடைசி ஒரு வருடம் கண்ணும் காதும் இல்லை, மூக்கு வழியாகக் கஞ்சி. உள்ளங்கையில் அவள் விரலால் கோலம் போடுவாள், அதற்கு மட்டும் முகம் இளகும்.

அந்த வருடமே அக்காவின் கால் தடுக்க ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழும். அவசரமாகச் சிறுநீர் வரும், கொல்லைக்குப் போவதற்குள் சேலை நனையும். வெளியே சொல்லக் கூசினாள். சேலத்தில் ஒரு டாக்டர், பிள்ளை போன துக்கம், மாதவிடாய் நிற்கிற வயது என்று சத்து மாத்திரை எழுதினார். இன்னொருவர் எலும்புத் தேய்மானம் என்றார். அவள் மடியில் இருந்த கோப்பில் அந்த நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கேரியர்களுக்கு ஒன்றும் வராது என்று அவர்கள் படித்திருந்தார்கள். நெடுங்காலம் உலகம் முழுதும் அப்படித்தான் படித்தார்கள். மகன்களை எண்ணினார்கள், அம்மாவின் காலை யாரும் பார்க்கவில்லை. 2014இல் நெதர்லாந்தில் மார்க் எங்கெலனும் கூட இருந்தவர்களும் 46 பெண்களைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். நாற்பது வயதுக்குள் இருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு அறிகுறி இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் 88 சதவீதம். சோற்றுக் கேரியர் என்றாள் அல்லவா அக்கா, அந்தப் பாத்திரத்துக்கே நோய் இருந்திருக்கிறது.

கிண்ணத்தில் இருக்கும் அக்காவின் செல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் எக்ஸ் இரண்டு. கருவிலேயே ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை அடைத்துவிடுகிறது, எதை அடைப்பது என்பது செல்லுக்குச் செல் மாறும். பிரிட்டனின் மேரி லையன் 1961இல் இதைச் சொன்னார். அதனால் அக்காவின் உடம்பு இரண்டு நிற நூலில் நெய்தது. சில செல்லில் பெரியப்பாவின் எக்ஸ் வேலை செய்கிறது, சிலதில் பெரியம்மாவுடையது. அவள் தோல் செல்களைத் தனித்தனியாக எடுத்துக் குருத்தாக்கினால், ஒரு வரிசை நோயுள்ளதாகவும் இன்னொரு வரிசை நோயில்லாததாகவும் கிடைக்கலாம். மற்ற எல்லாமே இரண்டிலும் ஒன்று. ரெட் நோயை ஆராய்கிறவர்கள் பெண்களின் செல்லை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறார்கள். ஆணின் செல்லில் இது கிடைக்காது, மரபணுவை வெட்டி ஒட்டித்தான் செய்ய வேண்டும். மாணவி இதை விளக்கியபோது, நோயையும் அது இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதையும் ஒரே கையில் நீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

மருந்து வந்துவிட்டதா என்று மாமா கேட்பார். சிறுவனின் சொந்த இரத்தக் குருத்தணுவை எடுத்துச் சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சையை 2022 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. விலை 30 லட்சம் டாலர். அதைப் பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகள் வந்ததாக 2024இல் எழுதினார்கள். நான் மாமாவிடம் விலையை மட்டும் சொன்னேன்.

எங்களுக்கு அதைவிட உதவியிருக்கக்கூடியது ஒரு சொட்டு இரத்தம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு. நியூயார்க் மாநிலத்தில் 2013 இறுதியிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோய்க்குச் சோதனை உண்டு. இதே நோயில் ஏழு வயது மகனை இழந்த ஒரு தாய் போராடி வாங்கியது. நெதர்லாந்திலும் சோதனை வந்துவிட்டது, ஆனால் ஆண் குழந்தைக்கு மட்டும். சிறு வயதில் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை எதுவும் இல்லை, எதற்கு ஒரு குழந்தையின் தலையில் இப்போதே இதை எழுத வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, எனக்கே இரண்டு மனம். ஆனால் அந்தப் பெண் வளர்ந்து, கட்டி, எட்டு வயதில் ஒரு பையன் கறுக்கத் தொடங்கும்போதுதான் தெரிய வேண்டுமா? நம் நாட்டில் இருவருக்குமே இல்லை, அதனால் எங்களுக்கு இந்த விவாதமும் இல்லை.

அக்காவுக்கு ஒரு மகள். பையனுக்கு நான்கு வயது மூத்தவள், பி.காம். முடித்துச் சேலத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் அந்த எக்ஸ் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் பார்க்க வருகிறார்கள். சோதனை செய்துகொள்ளாதே, தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், மாமா உட்பட. அக்கா எதுவும் சொல்லவில்லை. பெண்களுக்குக் கொழுப்பு அமில அளவு சில சமயம் சரியாகவே காட்டும், மரபணுவைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் இடையில் நிறுத்தி, “சித்தி, எனக்குத் தெரியணும். கல்யாணத்துக்காக இல்ல. அம்மா மாதிரி எட்டு வருஷம் கால்சியம் மாத்திரை திங்க முடியாது” என்றாள். போன தையில் நாங்கள் இரண்டு பேரும் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவை எழுதக் கூடாது என்றாள். எழுதவில்லை.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்கப் போனபோது அவள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த கோல், பெரியப்பாவுடையதுதான். பெயர் போடாதே, மற்றபடி எழுது என்றாள். பிறகு, அந்த ஆஸ்பத்திரிக்காரப் பொண்ணு என்ன ஆனாள் என்று கேட்டாள். அவள் படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டாள். அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போன் செய்தேன். புதிதாக வந்த ஒரு பையன் எடுத்தான். பெயர் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது, எண்தான். படிவத்தின் நகலைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். கணினியில் தேடிவிட்டு, இருக்கிறது, திரவ நைட்ரஜன் தொட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றான்.

அக்கா ராட்டையை நிறுத்தினாள். “என்னோடதும் அங்கதான இருக்கு? பக்கத்துப் பக்கத்துலயா வச்சிருக்காங்க, கேளு.”

கேட்டேன். அவன் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னான். ஒரே பெட்டிதான் மேடம், அடுத்தடுத்த குழி.